பஜ்ஜி எண்ணெயில் நீராவி ரயில்: எப்படி ஓடுகிறது, எங்கே இடிக்கிறது?

கலிபோர்னியாவில் உள்ள டிஸ்னிலேண்ட் பூங்காவின் நீராவி ரயில்கள் சமையலறையில் மிஞ்சிய எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசலில் ஓடுகின்றன என்ற செய்தி அவ்வப்போது சுற்றி வரும். வட சென்னையில் பெரம்பூர், அயனாவரம், வியாசர்பாடி பக்கம் பல வீடுகளில் யாராவது ஒருவர் ரயில்வே பணிமனைகளான லோகோவிலோ (என்ஜின்) கேரேஜிலோ (பெட்டி) வேலை பார்த்தவராக இருப்பார். அந்த வீடுகளில்கூட இந்தச் செய்தியைக் கேட்டதும் வரும் முதல் கேள்வி இதுதான்: நீராவி என்றால் கரி, டீசல் என்றால் டீசல் என்ஜின், இரண்டும் ஒரே வண்டியில் எப்படி?

கேள்வி நியாயமானது. இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் அடுத்த கேள்விகளும் தானே வரும். இது உண்மையிலேயே சுற்றுச்சூழலுக்கு நல்லதா? நம் ஊரில் செய்ய முடியுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நீராவி ஒரு எரிபொருள் அல்ல

டீசல் என்ஜினில் எரிபொருள் சிலிண்டருக்குள்ளேயே எரிகிறது. காற்றை அழுத்திச் சூடாக்கி, சரியான நொடியில் டீசலைப் பீய்ச்சினால் அது தானாகப் பற்றி பிஸ்டனைத் தள்ளும். ஆகவே அந்த எரிபொருள் எப்படிப்பட்டது என்பதில் டீசல் என்ஜின் மிகவும் கறாராக இருக்கும். கொஞ்சம் கெட்டியாக இருந்தாலோ, பற்றுவதற்குக் கொஞ்சம் தாமதமானாலோ இன்ஜெக்டர் அடைக்கும், என்ஜின் தட்டும்.

நீராவி என்ஜின் அப்படி இல்லை. எரிவது ஃபயர்பாக்ஸ் என்ற தீயறையில். அந்தச் சூடு பாய்லரில் உள்ள தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. பிஸ்டனைத் தள்ளுவது நீராவி மட்டும்தான். எரிபொருளும் சிலிண்டரும் சந்திப்பதே இல்லை. விறகு, கரி, கரும்புச் சக்கை, ஃபர்னஸ் ஆயில், டீசல் என்று எதைப் போட்டாலும் பாய்லருக்கு வேண்டியது சூடு ஒன்றுதான். நம் வீட்டு அடுப்பு மாதிரிதான் இது. விறகடுப்பை எடுத்துவிட்டு கேஸ் அடுப்பு வைத்தால் சோறு வேகும் விதம் மாறுவதில்லை.

ஆக, நீராவி ரயிலில் பயோடீசலை எரிப்பது டீசல் ரயிலில் எரிப்பதைவிடச் சுலபம். பலரும் நேர்மாறாக நினைத்துக்கொள்கிறார்கள்.

கரிக்குப் பதில் எண்ணெய்: ஊட்டி ரயில் காட்டிய வழி

எண்ணெயில் ஓடும் நீராவி என்ஜின் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. நீலகிரி மலை ரயிலின் பழைய என்ஜின்கள் சில 2000-களில் கரியிலிருந்து ஃபர்னஸ் ஆயிலுக்கு மாற்றப்பட்டன. பிறகு திருச்சி பொன்மலை பணிமனை எண்ணெயில் ஓடும் எக்ஸ் வகை என்ஜின்கள் நான்கைப் புதிதாகவே கட்டிக் கொடுத்தது. பிற்பாடு ஃபர்னஸ் ஆயிலிலிருந்து டீசலுக்கும் போனார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது முகத்தில் வந்து ஒட்டும் கரித்தூள் இதனால் குறைந்தது. கரிப்பொறி பறந்து காட்டில் தீப்பிடிக்கும் ஆபத்தும் குறைந்தது.

உள்ளே நடப்பது இதுதான். கரி பரப்பும் தட்டு இருந்த இடத்தில் தீச்செங்கல் பதித்து, பர்னர் ஒன்றை வைப்பார்கள். பர்னரின் வாயிலிருந்து எண்ணெய் வழியும். அதற்குக் கீழே மெல்லிய பட்டையாகச் சீறும் நீராவி அதைக் கிழித்துப் பனிப்படலம்போல ஆக்கும். அந்தத் தூறல்தான் எரிகிறது. என்ஜினில் தீயைப் பார்த்துக்கொள்ளும் ஃபயர்மேனுக்கு இங்கே மண்வெட்டி வேலை இல்லை, வால்வு வேலைதான். எண்ணெய்க்கு ஒன்று, தூறலாக்கும் நீராவிக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று. புகைபோக்கிதான் அவருக்கு மீட்டர். கறுப்பாகப் புகைந்தால் எண்ணெய் அதிகம், காற்று போதவில்லை. வெள்ளையாக, கண் எரியும்படி வந்தால் எண்ணெய் எரியாமல் ஆவியாகப் போகிறது. லேசான சாம்பல் நிறம் தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் சரி.

இன்னொரு பழக்கமும் உண்டு. எண்ணெய் எரியும் என்ஜினின் பாய்லர் குழாய்களுக்குள் கரிப்படலம் ஒட்டும். ஒட்டினால் சூடு தண்ணீருக்குப் போகாது. வண்டி நன்றாக இழுத்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து ஃபயர்மேன் ஒரு கரண்டி மணலை உள்ளே விடுவார். இழுவையில் மணல் குழாய்களுக்குள் பாய்ந்து படலத்தைச் சுரண்டிக்கொண்டு புகைபோக்கி வழியே வெளியே போகும். அந்த நிமிடம் மேலே ஒரு கரும்புகை மேகம் கிளம்பும். பார்ப்பவர்கள் என்ஜினுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயப்படுவார்கள். உண்மையில் அது துப்புரவுப் பணி.

பயோடீசல் என்பது பழைய எண்ணெயை அப்படியே ஊற்றுவதா?

இல்லை. இந்த இடத்தில்தான் செய்திகள் அதிகம் குழப்புகின்றன.

சமையல் எண்ணெய் மூலக்கூறில் கிளிசரின் என்ற முதுகெலும்போடு மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்குகின்றன. உருவம் பெரியது என்பதால் எண்ணெய் கெட்டியாக இருக்கிறது. 40 டிகிரி செல்சியஸில் அதன் பிசுபிசுப்பு டீசலைப்போலச் சுமார் பத்து மடங்கு. பயோடீசல் ஆலையில் செய்வது அந்த மூன்று சங்கிலிகளையும் கிளிசரினிலிருந்து கழற்றி, ஒவ்வொன்றிலும் மெத்தனாலைச் சேர்ப்பதுதான்.

1. பழைய எண்ணெயை வடிகட்டி, தூள், கசடு, தண்ணீர் நீக்குவார்கள்.
2. பலமுறை காய்ச்சிய எண்ணெயில் தனித்துப்போன கொழுப்பு அமிலம் கூடுதலாக இருக்கும். அதைக் கவனிக்காமல் அடுத்த படிக்குப் போனால் பயோடீசலுக்குப் பதில் சோப்புதான் வரும். ஆகவே முதலில் அமிலச் சிகிச்சை.
3. மெத்தனாலும் காஸ்டிக் சோடா அல்லது காஸ்டிக் பொட்டாஷும் சேர்த்து 60 டிகிரி அளவில் கலக்குவார்கள்.
4. கலக்குவதை நிறுத்தி விட்டுவைத்தால் இரண்டு அடுக்காகப் பிரியும். கண்ணாடிக் குடுவையில் பார்த்தால் அடியில் தேன்பாகு நிறத்தில் கெட்டியாக கிளிசரின், மேலே வெளிர் மஞ்சளில் பயோடீசல்.
5. மேலுள்ளதைத் தனியே எடுத்துக் கழுவி, ஈரம் போக்கினால் வேலை முடிந்தது.

100 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 10 கிலோ மெத்தனால் செலவாகும். கிடைப்பது சுமார் 100 கிலோ பயோடீசலும் 10 கிலோ கிளிசரினும். மெத்தனால் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருவது. அதனால் 'முழுக்க முழுக்கத் தாவர எரிபொருள்' என்று விளம்பரத்தில் படித்தால், பத்தில் ஒரு பங்கு அப்படி இல்லை என்று மனதில் குறித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் பழைய எண்ணெயை நேரடியாக எரிக்கவே முடியாதா? நீராவி என்ஜினில் முடியும். அமெரிக்காவின் அரிசோனாவில் கிராண்ட் கேன்யன் ரயில்வேயின் 4960 எண் கொண்ட பெரிய நீராவி என்ஜின் 2009 முதல் கழிவுச் சமையல் எண்ணெயில் ஓடுகிறது. எண்ணெயைச் சூடாக்கி இளக்கி, வடிகட்டி, பர்னரில் விடுகிறார்கள். அது பயோடீசல் அல்ல, வேறு வழி. மெத்தனால், ஆலைச் செலவு எல்லாம் மிச்சம். ஆனால் டாங்கும் குழாயும் எப்போதும் சூடாக இருக்க வேண்டும், பர்னர் வாயில் பிசின் கட்டாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். தேர்ந்த ஆட்கள் இருந்தால் இது நல்ல வழி என்பது என் எண்ணம். தினமும் காலையில் பற்றவைத்து இரவில் அணைக்கும் பூங்கா ரயிலுக்குப் பயோடீசல் தலைவலி குறைவு.

டிஸ்னிலேண்டில் என்ன நடந்தது

1955-இல் பூங்கா திறந்த நாள் முதலே அங்கே குறும்பாதை நீராவி ரயில் ஓடுகிறது. தண்டவாள அகலம் 3 அடி, ஒரு சுற்று ஏறக்குறைய 2 கிலோமீட்டர். ஐந்து என்ஜின்களில் ஒன்று 1894-இல் பால்ட்வின் தொழிற்சாலையில் கட்டப்பட்டு, லூசியானாவில் கரும்புத் தோட்ட ரயில் இழுத்தது. எல்லாமே பாய்லரில் டீசல் எரித்தவை.

2007-இல் 98 சதவீதம் சோயா பயோடீசலும் 2 சதவீதம் சாதா டீசலும் கலந்த எரிபொருளுக்கு மாறினார்கள். இதைப் பி98 என்பார்கள். பி என்பதை அடுத்து வரும் எண் பயோடீசலின் சதவீதம். 2008-இல் எரிபொருளைச் சேமித்து வைப்பதில் சிக்கல் வந்து, தற்காலிகமாகப் பழைய டீசலுக்கே திரும்பினார்கள். 2009 ஜனவரியில், பூங்காவின் சமையலறைகளில் பொரித்து மிஞ்சிய எண்ணெயும் சேர்ந்த புதிய பயோடீசல் வந்தது. ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் கேலன், அதாவது ஏறக்குறைய 7.5 லட்சம் லிட்டர் டீசல் மிச்சம் என்று நிர்வாகம் சொன்னது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அந்தக் கணக்கில் ஆண்டுக்கு 2,000 டன்.

இதில் கவனிக்க வேண்டியது 2008. அவர்களுக்குத் தொல்லை கொடுத்தது என்ஜின் அல்ல. எண்ணெயைச் சேமித்து வைத்த விதம்.

மாற்றினால் எது கெடும், எது கெடாது

1. பித்தளையும் செம்பும். பயோடீசலுக்கு இவை ஆகாது. நாளடைவில் எண்ணெய் கெடும், உலோகமும் அரிக்கும். நீராவி என்ஜினோ பித்தளையில் இழைத்த பொருள். எரிபொருள் போகும் குழாய், வால்வு, இணைப்புகளை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்ற வேண்டும். ஃபயர்பாக்ஸ் செம்பாக இருந்தால் பரவாயில்லை. அதைத் தொடுவது தீதான், எண்ணெய் அல்ல.

2. ரப்பர். பழைய ரப்பர் ஹோஸ், வாஷர்கள் ஊறி உப்பிக் கசியும். பயோடீசலைத் தாங்கும் வகைக்கு மாற்றுவது செலவு குறைந்த வேலை, ஆனால் மறந்துபோகிற வேலை.

3. டாங்கின் பழைய அழுக்கு. பயோடீசல் ஒரு நல்ல கரைப்பான். பல ஆண்டுகளாக டாங்கின் சுவரில் படிந்த டீசல் பிசினைக் கரைத்து அப்படியே ஃபில்டருக்கு அனுப்பும். மாற்றிய முதல் சில வாரங்களில் ஃபில்டர் அடைப்பதைப் பார்த்து, 'பயோடீசல் மோசம்' என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். அடைப்பது பழைய டீசலின் மிச்சம்.

4. குளிர். ஐரோப்பாவில் பயோடீசலைப் பற்றிக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வார்கள், குளிரில் உறைந்துவிடும் என்று. பாமாயிலிலிருந்து வரும் பயோடீசல் 15 டிகிரி வாக்கில் மங்கத் தொடங்கும். மார்கழியிலும் சென்னைக்கு அந்தக் கவலை இல்லை.

5. ஈரம். இதுதான் நமக்குக் கவலை. பயோடீசல் டீசலைவிட அதிகம் ஈரம் இழுக்கும். கடலோரக் காற்று, பாதி காலியான டாங்க், பகல் சூடு, இரவுக் குளிர்ச்சி எல்லாம் சேர்ந்தால் உள்ளே தண்ணீர் வியர்க்கும். தண்ணீரும் எண்ணெயும் சந்திக்கும் இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்ந்து பாசிபோலப் படியும். சூட்டில் எண்ணெய் புளித்து அமிலமாகவும் ஆகும். ராயபுரத்திலோ எண்ணூரிலோ டாங்க் வைத்தால் அதை எப்போதும் நிரப்பி வைப்பது, அடித்தண்ணீரை வாரம் ஒருமுறை வடிப்பது, மாதக்கணக்கில் தேக்காமல் எரித்துத் தீர்ப்பது என்ற மூன்றையும் விடவே கூடாது.

6. பற்றவைப்பது. டீசல் 50, 60 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். பயோடீசலுக்கு 100-க்கு மேல் வேண்டும். கையாள அது பாதுகாப்பு. ஆனால் காலையில் ஆறிப்போன ஃபயர்பாக்ஸில் அது சட்டென்று பிடிக்காது. தூறலாக்க பாய்லரில் நீராவியும் அந்நேரம் இருக்காது என்பதால், வெளியிலிருந்து அழுத்தக் காற்று கொடுத்துத்தான் தொடங்க வேண்டும்.

7. அளவு. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பயோடீசலில் சூடு 8 சதவீதம் வாக்கில் குறைவு. 100 லிட்டர் டீசல் எரித்த வேலைக்கு 108, 109 லிட்டர் ஆகும்.

புகை குறையுமா?

எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஃபர்னஸ் ஆயிலில் கந்தகம் 3, 4 சதவீதம் வரை இருக்கலாம். அதிலிருந்து பயோடீசலுக்கு மாறினால் கந்தகப் புகை கிட்டத்தட்ட இல்லாமல் போகும். இப்போது பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பி.எஸ்.6 டீசலில் கந்தகம் 10 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 10 பங்குதான். அதோடு ஒப்பிட்டால் இந்த விஷயத்தில் லாபம் ஒன்றும் இல்லை.

கரிப்புகை குறைவது நிஜம். பயோடீசலின் எடையில் சுமார் 11 சதவீதம் ஆக்சிஜன் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் முழுமையாக எரியும், குழாயில் கரி குறைவாகப் படியும், மணல் வேலையும் குறையும். நைட்ரஜன் ஆக்சைடு இதனால் குறைந்துவிடும் என்று சொல்ல முடியாது. கார்பன் டை ஆக்சைடு புகைபோக்கியில் அதே அளவு வரத்தான் செய்யும். எண்ணெய் தந்த செடி வளரும்போது காற்றிலிருந்து எடுத்ததுதான் திரும்பப் போகிறது என்பதே வாதம். சுட்ட எண்ணெய்க்கு இந்த வாதம் நன்றாகப் பொருந்தும். இதற்கென்றே சோயாவோ பனையோ பயிரிட்டால், அதற்குப் பிடித்த நிலம், உரம், அழிந்த காடு எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் நாட்டில் பயோடீசலுக்காகக் காட்டாமணக்கை நம்பிப் போட்ட பெரிய திட்டங்கள் எதிர்பார்த்த விளைச்சலைத் தரவில்லை.

மணலி, எண்ணூர் மக்கள் ஏற்கெனவே சுவாசிப்பது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்கம் இன்னொரு புகைபோக்கி வைப்பதாக இருந்தால், அது கரியாகவோ ஃபர்னஸ் ஆயிலாகவோ இருக்கவே கூடாது.

நல்ல எண்ணெயை வீணாக்குவதாகாதா?

இந்த விஷயத்தில் கடினமான கேள்வி இதுதான். சிறிய நீராவி என்ஜின், எரிபொருளின் சூட்டில் 5 முதல் 8 சதவீதத்தைத்தான் சக்கரத்துக்குக் கொண்டுபோகும். மீதி புகைபோக்கியிலும் வெளியேறும் நீராவியிலும் போய்விடும். நல்ல டீசல் என்ஜின் 35, 40 சதவீதம் எடுக்கும். அதாவது அதே ஒரு லிட்டர் பயோடீசலை லாரியில் போட்டால் ஏறக்குறைய ஆறு மடங்கு வேலை நடக்கும்.

ஆகவே பயோடீசலைக் காட்டி நீராவிப் போக்குவரத்தை நியாயப்படுத்த முடியாது. நீராவியைப் பார்ப்பதற்காகவே மக்கள் வரும் இடத்துக்கு மட்டும்தான் இது பொருந்தும். 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸில் கட்டிய இ.ஐ.ஆர்.21 என்ற என்ஜினை, நூறாண்டுக்கு மேல் காட்சிப்பொருளாக நின்றபின் 2010-இல் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் மறுபடி ஓடவைத்தது. ராயபுரம் ஸ்டேஷனைவிட ஒரு வயது மூத்தது அது. எழும்பூரில் அது நீராவி கக்கியபோது கூடிய கூட்டத்திடம் யாரும் எரிபொருள் சிக்கனம் பேசியிருக்க மாட்டார்கள். அந்த அனுபவத்துக்கு ஒரு விலை கொடுக்கத்தான் வேண்டும். அந்த விலை புதைபடிவ எரிபொருளாக இருக்க வேண்டாம் என்பதே பயோடீசலின் நியாயம்.

வட சென்னைக் கணக்கு

பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் ஈ.சி.ஆர்., ஓ.எம்.ஆர்., பூந்தமல்லி என்று தெற்கிலும் மேற்கிலும் இருக்கின்றன. ஆனால் இதற்கு வேண்டிய மற்றதெல்லாம் வடக்கில்தான். என்ஜின் தெரிந்த கைகள் பெரம்பூரில். ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பின் ரயில் மியூசியத்தில் குழந்தைகள் ஏறும் சிறிய ரயிலும் உண்டு. எரிபொருள் டாங்குகள் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டையில். ராய்ப்பூரோடு தண்டையார்பேட்டையிலும் பயோடீசல் ஆலை வைக்க ரயில்வே ஒருகாலத்தில் திட்டமிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணெய்ச் சட்டி. மிண்ட் தெரு ஜிலேபியிலிருந்து காசிமேடு மீன் வறுவல் வரை.

சாயங்காலம் ஒரு பஜ்ஜிக் கடையில் சட்டியைப் பாருங்கள். முதல் ஈட்டில் பொன்னிறமாகக் கொதிக்கும் எண்ணெய், எட்டு மணிக்குக் கருத்துத் தடித்து, மாவைப் போட்டதும் சோப்பு நுரைபோல் பொங்கும். அந்த நுரை எண்ணெய் சிதைந்ததற்கு அடையாளம். சிதைவில் உருவாகும் போலார் சேர்மங்களின் மொத்த அளவை டி.பி.சி. என்பார்கள். அது 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் விதி. அதே ஆண்டு ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ரூகோ என்ற திட்டத்தைத் தொடங்கியது. சுட்ட எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசலாக்குவது அதன் நோக்கம். நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் கடைகள் கணக்கு வைக்க வேண்டும்.

டிஸ்னிலேண்ட் அளவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 2,000 லிட்டர் வேண்டும். ஒரு தள்ளுவண்டிக் கடை தினம் 2 லிட்டர் மிச்சம் வைப்பதாகக் கொண்டால் ஆயிரம் கடைகள். ஆனால் ஒரே என்ஜின் உள்ள சிறிய பாதைக்கு நாளுக்கு 100 லிட்டர் போதும் என்று வைத்தால் ஐம்பது கடைகள்தான். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டையும் சுற்றுத் தெருக்களையும் சேர்த்தாலே ஐம்பது தேறும்.

சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, விலையில் இருக்கிறது. 50 லிட்டர் விதி தள்ளுவண்டிகளைத் தொடுவதே இல்லை. சுட்ட எண்ணெயை வாங்கிப் போய் மறுபடி சமையலுக்கே விற்கும் வியாபாரி, பயோடீசல் ஆலையைவிட நல்ல விலை கொடுத்தால் எண்ணெய் அவரிடம்தான் போகும். யாரும் வாங்காத கசடு ஓட்டேரி நல்லா என்ற கால்வாய்க்கோ பக்கிங்ஹாம் கால்வாய்க்கோ போகும். ஆகவே இங்கே பயோடீசல் ரயில் என்று யாராவது அறிவித்தால், என்ஜினைப் பற்றிக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு. எண்ணெய் எடுக்க வரும் வண்டி இரவு எத்தனை மணிக்குக் கடைக்கு வரும்? லிட்டருக்கு என்ன கொடுக்கும்? கையில் காசாகக் கொடுக்குமா, மாதக் கடைசியில் கணக்கா? பத்து மணிக்குச் சட்டியைக் கவிழ்த்துக் கழுவும் அக்காவுக்கு மாதக் கடைசிவரை காத்திருக்க முடியாது. அடுத்த நாள் எண்ணெய்க்கு அவர் காலையிலேயே பணம் கொடுத்தாக வேண்டும்.